ஈர்ப்பு ஒரு விசையா, வேறொன்றின் விளைவா?

கேள்வி இது: "ஈர்ப்பு அடிப்படை விசையே இல்லை, என்ட்ரோபியிலிருந்து பிறப்பது என்று சிலர் சொல்கிறார்கள். கிராவிட்டான் என்ற துகள்தான் ஈர்ப்பைக் கடத்துகிறது என்று வேறு சிலர். ஈர்ப்புக்குக் குவாண்டமே வேண்டாம் என்று 2023-ல் இன்னொரு கோட்பாடு. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?"

முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். என்ட்ரோபி என்பது வெப்பத்தோடு சேர்ந்து வரும் ஒழுங்கின்மையின் அளவு. ஈர்ப்புக்கும் வெப்பத்துக்கும் இடையே ஓர் ஆழமான உறவு இருக்கிறது. அது ஐம்பது ஆண்டுகளாக வலுத்துக்கொண்டே வரும் தடயம். ஆனால் அந்தத் தடயத்தை வைத்துக் கட்டப்பட்ட கோட்பாடுகளில் எதுவும் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஈர்ப்பு குவாண்டம் தன்மை கொண்டதா, அதாவது அணு உலகின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதா இல்லையா என்பதை மட்டும், பெரிய துகள் முடுக்கிகள் இல்லாமல் ஒரு ஆய்வக அறைக்குள்ளேயே சோதிக்க வழி பிறந்திருக்கிறது. என் கவனமெல்லாம் இப்போது அங்கேதான். ஏன் என்று விளக்குகிறேன்.

"விசை" என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். உங்கள் செல்போனில் முடுக்கத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. ஃபைஃபாக்ஸ் போன்ற ஏதாவது ஒரு இலவசச் செயலியில் அதன் அளவைப் பார்க்கலாம். போன் மேசைமேல் சும்மா கிடக்கும்போது 9.8 என்று காட்டும், அதுவும் மேல்நோக்கி. அதையே கட்டிலுக்கு மேலே பிடித்துத் தலையணையில் விழ விடுங்கள். விழும் அந்தக் கணத்தில் அளவு பூஜ்யத்துக்கு வந்துவிடும். விழும் பொருளின்மேல்தான் விசை செயல்படுகிறது என்று பள்ளியில் படித்தோம். கருவி சொல்வது நேர் எதிராக இருக்கிறது: விழும்போது ஒன்றுமில்லை, கிடக்கும்போதுதான் ஏதோ தள்ளுகிறது. தள்ளுவது மேசை. ஐன்ஸ்டீன் 1907-ல் பிடித்த நூல் இதுதான். எட்டு ஆண்டுகள் கழித்து, 1915 நவம்பரில், அது ஈர்ப்பைக் காலவெளியின் (காலமும் வெளியும் சேர்ந்தது) வளைவாகப் பார்க்கும் பொதுச் சார்பியலாக முடிந்தது.

பொதுச் சார்பியலை விளக்க விரித்துக் கட்டிய துணியும் நடுவில் ஓர் இரும்புக் குண்டும் எல்லாப் புத்தகத்திலும் வரும். எனக்கு அந்தப் படம் பிடிப்பதில்லை. குண்டு துணியை அழுத்துவதே கீழேயிருக்கும் பூமியின் ஈர்ப்பால்தான். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே துணைக்கு அழைப்பது விளக்கமாகாது. அதோடு, தேங்காய் மரத்திலிருந்து விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளியின் வளைவு இல்லை, காலத்தின் வளைவு. தரைக்கு அருகே கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. ஒரு மீட்டர் உயர வித்தியாசத்துக்கு, ஓர் ஆண்டு முழுவதும் ஓடினாலும் சுமார் 3.4 நானோ செகண்டுதான் வேறுபடும். இவ்வளவு நுண்ணிய வேறுபாடுதான் தேங்காயைக் கீழே கொண்டுவருகிறது. இது வெறும் கணக்கு இல்லை. 2010-ல் அமெரிக்காவில் இரண்டு அணுக் கடிகாரங்களை வெறும் 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் வைத்து இதை அளந்தார்கள். 2022-ல் ஒரே ஒரு மில்லிமீட்டருக்குள் அளந்தார்கள்.

சரி, இவ்வளவு நன்றாக வேலை செய்யும் கோட்பாட்டை ஏன் விட்டுவைக்கக்கூடாது?

ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் இடப்பக்கம் காலவெளியின் வளைவு, வலப்பக்கம் பொருளும் ஆற்றலும். பொருளோ குவாண்டம் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. ஓர் எலக்ட்ரான் ஒரே நேரத்தில் இங்கேயும் அங்கேயும் இருக்கும் நிலையில் இருக்கலாம். அப்படியானால் அதன் ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கும்? 1957-ல் அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் நடந்த மாநாட்டில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஈர்ப்பும் இரண்டு நிலையிலும் சேர்ந்தே இருக்க வேண்டும், அதாவது ஈர்ப்பும் குவாண்டமாக வேண்டும் என்பது அவர் வாதம். மின்காந்தப் புலத்துக்கு ஃபோட்டான் போல ஈர்ப்புக்கு கிராவிட்டான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், குறைந்த ஆற்றலில் சரியாகவே வருகிறது. ஆற்றல் ஏற ஏற முடிவிலிகள் வந்து குவிகின்றன. ஒவ்வொரு முடிவிலியையும் அடக்க ஒரு புதிய மாறிலியைச் சேர்க்க வேண்டும், அதற்கு முடிவே இல்லை.

இதைத் தீர்க்க வந்த இரண்டு பழைய பாதைகள் இழைக் கோட்பாடும் லூப் குவாண்டம் ஈர்ப்பும். முதலாவதில் துகள்கள் எல்லாம் அதிரும் இழைகள், அவற்றின் ஒரு அதிர்வுதான் கிராவிட்டான். இரண்டாவது, அபய் அஷ்டேகர் 1986-ல் கண்டுபிடித்த புதிய மாறிகளிலிருந்து கிளைத்தது. அதில் பரப்பும் கனஅளவும் துணுக்குத் துணுக்காகவே வரும். இரண்டிலும் மிக உயர்ந்த கணிதம் இருக்கிறது. இரண்டுக்கும் இதுவரை ஒரு நேரடிச் சோதனையும் இல்லை. நீங்கள் கேட்டது புதியவற்றைப் பற்றி என்பதால் இதோடு நகர்கிறேன்.

வெப்பத்துக்கு வருவோம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1970-களின் தொடக்கத்தில் பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் யாக்கோப் பெக்கன்ஸ்டைன் என்ற மாணவர் இருந்தார். சூடான தேநீரையும் குளிர்ந்த தேநீரையும் கலந்தால் உலகின் என்ட்ரோபி கூடுகிறது. அந்தக் கோப்பையைக் கருந்துளைக்குள் போட்டுவிட்டால் கூடிய என்ட்ரோபி காணாமல் போய்விடுமே, குற்றத்தின் தடயமே அழிந்துவிடுமே என்று வீலர் கேட்டாராம். இதை வீலரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பெக்கன்ஸ்டைன் யோசித்துவிட்டு, தடயம் அழிவதில்லை, கருந்துளையின் மேற்பரப்பில் பதிவாகிறது என்ற முடிவுக்கு வந்தார். கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு, அது அதன் நிகழ்வு எல்லையின், அதாவது ஒளிகூட உள்ளிருந்து தாண்டி வர முடியாத எல்லையின், பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று எழுதினார். ஹாக்கிங் முதலில் இதை ஏற்கவில்லை. என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் ஒளிர வேண்டும், கருந்துளை எப்படி ஒளிரும் என்று மறுத்தார். 1974-ல் அவரே கணக்குப் போட்டுப் பார்த்து, ஆம், ஒளிர்கிறது என்று கண்டார். சூரியனின் நிறை கொண்ட கருந்துளைக்கு வெப்பநிலை சுமார் 6 × 10⁻⁸ கெல்வின். அளக்க முடியாத அளவுக்குச் சிறியது, ஆனால் பூஜ்யம் இல்லை.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, என்ட்ரோபி கனஅளவைப் பொறுத்து இல்லாமல் பரப்பளவைப் பொறுத்திருப்பது. ஒரு கிடங்கில் எத்தனை நெல் மூட்டை அடுக்கலாம் என்று கேட்டால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குவோம். சுவர்களின் பரப்பை மட்டும் அளந்து பதில் சொல்ல மாட்டோம். கருந்துளை சுவரை மட்டும் அளக்கச் சொல்கிறது. இன்னொன்று, என்ட்ரோபி என்றாலே எண்ணிக்கை. வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும் நிலை, உள்ளே எத்தனை விதமாக அமையலாம் என்பதன் கணக்கு. காற்றுக்கு என்ட்ரோபி இருப்பது அதற்குள் மூலக்கூறுகள் இருப்பதால். அப்படியானால் காலவெளிக்குள் எண்ணப்படுபவை எவை? 1996-ல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் இழைக் கோட்பாட்டில் சில சிறப்பு வகைக் கருந்துளைகளுக்கு இதை எண்ணிக் காட்டினார்கள். லூப் வழியிலும் எண்ணினார்கள். அந்தப் பரப்பளவு விதிக்கு அடுத்து வரும் சிறு திருத்தத்தை 2000-ல் கணக்கிட்டவர்கள் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ரொமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

பரப்பளவு கூடத்தான் செய்யும், குறையாது என்ற ஹாக்கிங்கின் தேற்றம் இன்று வானத்திலேயே சோதிக்கப்பட்டுவிட்டது. 2025 ஜனவரி 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவு செய்த ஈர்ப்பலை (காலவெளியில் பரவும் அதிர்வு) மிகத் தெளிவானது. மோதுவதற்கு முன் இரண்டு கருந்துளைகளின் மொத்தப் பரப்பு சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், மோதி ஒன்றான பின் சுமார் 4,00,000.

கருந்துளைக்கு மட்டும் இது நடந்தால் விசித்திரம் என்று விட்டுவிடலாம். 1976-ல் வில்லியம் அன்ரு காட்டியது அதைவிட வியப்பானது. வெற்று வெளியில் சீராக முடுக்கத்தோடு போகும் ஒருவருக்கு அந்த வெற்றிடமே வெப்பமாகத் தெரியும். புவியின் ஈர்ப்பு அளவிலான முடுக்கத்துக்கு அந்த வெப்பநிலை 4 × 10⁻²⁰ கெல்வின்தான். அவருக்குப் பின்னால், ஒளிகூடத் துரத்திப் பிடிக்க முடியாத ஓர் எல்லையும் உருவாகிறது. கருந்துளை எங்கோ இருக்கிறது. இந்த எல்லையோ வெளியின் எந்தப் புள்ளியிலும், முடுக்கத்தோடு போகும் எவருக்கும் உண்டு.

1995-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டெட் ஜேக்கப்சன் இந்தத் துண்டுகளைத் தலைகீழாகக் கோத்தார். அதுவரை எல்லோரும் ஐன்ஸ்டீன் சமன்பாட்டை வைத்துக்கொண்டு வெப்ப விதிகளைக் கண்டார்கள். அவர் வெப்ப விதியை வைத்துக்கொண்டு ஐன்ஸ்டீன் சமன்பாட்டைத் தேடினார். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். அதன் என்ட்ரோபி பரப்பளவுக்கு நேர்விகிதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை அன்ரு சொன்னது. அந்த எல்லையைத் தாண்டி ஆற்றல் பாய்ந்தால் அதுவே வெப்பம். வெப்பம் என்பது வெப்பநிலையையும் என்ட்ரோபி மாற்றத்தையும் பெருக்கி வருவது. இது நீங்கள் வெப்ப இயக்கவியலில் படிக்கும் சமன்பாடுதான். ஆற்றல் பாயும்போது என்ட்ரோபி மாற வேண்டும், அதாவது பரப்பு மாற வேண்டும், அதாவது எல்லையில் ஓடும் ஒளிக்கதிர்கள் குவிய வேண்டும். ஒளிக்கதிர் எப்படிக் குவியும் என்பதைச் சொல்ல கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955-ல் எழுதிய சமன்பாடு தயாராக இருந்தது. அதைப் போட்டால், எல்லாப் புள்ளியிலும் எல்லாத் திசையிலும் கணக்கு ஒத்துவர ஒரே வழிதான் மிஞ்சுகிறது: காலவெளி ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி வளைய வேண்டும்.

இந்த ஆய்வுக்கட்டுரை நான்கே பக்கம். முதல்முறை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அது சொல்வது இதுதான்: ஐன்ஸ்டீன் சமன்பாடு, வாயுவின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றையும் இணைக்கும் அந்த எளிய சமன்பாட்டைப் போன்ற ஒன்றாக இருக்கலாம். வாயுச் சமன்பாடு பொய்யில்லை. ஆனால் அதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மூலக்கூறு தெரியாது. அதுபோல, ஈர்ப்புச் சமன்பாட்டை நேராகக் குவாண்டமாக்க முயல்வதே தவறான கதவைத் தட்டுவதாக இருக்கலாம் என்று ஜேக்கப்சன் அதிலேயே எழுதினார்.

இந்த நூலை இந்தியாவில் நீண்ட காலம் பிடித்து இழுத்தவர் புனேயின் வானியல் ஆய்வு மையமான ஐயூக்காவில் இருந்த தாணு பத்மநாபன். திருவனந்தபுரத்தில் பிறந்தவர், 2021 செப்டம்பரில் தம் 64-ஆம் வயதில் காலமானார். ஜேக்கப்சனின் முடிவு ஐன்ஸ்டீன் கோட்பாட்டுக்கு மட்டுமில்லை, அதன் விரிவான வடிவங்களுக்கும் பொருந்துகிறது என்று அவரும் அவருடைய மாணவர்களும் காட்டினார்கள். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வெற்றிடத்தின் ஆற்றலைக் குவாண்டம் முறையில் மதிப்பிட்டால், பிரபஞ்சம் விரியும் வேகத்திலிருந்து கிடைக்கும் மதிப்பைவிட ஏறக்குறைய 10¹²⁰ மடங்கு அதிகமாக வருகிறது. இயற்பியலில் இதைவிட மோசமான பொருத்தமின்மை கிடையாது. பத்மநாபனின் வழியில், பொருளின் ஆற்றலோடு ஒரு மாறிலியைக் கூட்டினாலும் கழித்தாலும் ஈர்ப்புக்கு அது தெரியாது. நீர்மட்டத்தைக் கடலடியிலிருந்து அளந்தால் என்ன, கரையிலிருந்து அளந்தால் என்ன, அலை ஒன்றுதான் என்பது போல. பிரச்சினை இதோடு தீர்ந்துவிடவில்லை, அந்தச் சிறிய மதிப்பு ஏன் அவ்வளவு என்பதற்குத் தனி வாதம் வேண்டும். ஆனாலும், எந்த இடத்தில் பிடித்தால் முடிச்சு அவிழலாம் என்று காட்டியதற்காகவே அவருடைய கட்டுரைகளைப் படிக்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட "என்ட்ரோபி ஈர்ப்பு" என்ற பெயர் பரவியது 2010-ல், ஆம்ஸ்டர்டாமின் எரிக் வெர்லிண்டேயால். அவர் கருத்தைப் புரிந்துகொள்ள ஒரு ரப்பர் பேண்ட் போதும். அதை இழுத்தால் ஏன் சுருங்கப் பார்க்கிறது? அதற்குள் இருப்பவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். அவை நேராக நிற்க ஒரே வழி, சுருண்டு கிடக்க கோடிக்கணக்கான வழி. வெப்பத்தால் அசைந்துகொண்டே இருக்கும் சங்கிலி, வழிகள் அதிகமுள்ள பக்கம்தான் போகும். "சுருங்கு" என்று எந்த மூலக்கூறும் எதையும் இழுக்கவில்லை. சோதித்துப் பாருங்கள்: ரப்பர் பேண்டில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினால் எடை மேலே ஏறும். இரும்புக் கம்பியாக இருந்தால் நீண்டு கீழே இறங்கியிருக்கும். ஈர்ப்பும் இப்படி என்கிறார் வெர்லிண்டே. ஒரு நிறையைச் சுற்றிக் கற்பனையாக ஒரு கோளத் திரை, அதன் பரப்புக்கு ஏற்ற அளவு தகவல், அந்தத் தகவலுக்கு ஒரு வெப்பநிலை. இவற்றிலிருந்து நியூட்டனின் இருமடி எதிர்விகித விதி சில வரிகளில் வந்துவிடுகிறது. கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியாகக் கூடுவதுதான் அந்த இருமடிக்குக் காரணம். பிளஸ் டூ கணிதம் இருந்தாலே இதைப் பின்தொடரலாம்.

எளிமையாக இருப்பதாலேயே எனக்கு இதில் தயக்கம் உண்டு. ஜேக்கப்சனின் வாதம் எல்லைகளைப் பற்றியது, அவற்றுக்கு வெப்பநிலை இருப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. வெர்லிண்டேயின் திரை எந்த எல்லையும் இல்லாத இடத்தில் நிற்கிறது. அதோடு, வெப்பத்தால் வரும் விசையென்றால் அதில் நடுக்கம் இருக்க வேண்டும், நுண்ணிய குவாண்டம் நிலைகளை அது கலைக்க வேண்டும். 1975-லேயே கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் மூவரும் நியூட்ரான் அலையை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு உயரத்தில் செலுத்தி, மீண்டும் சேர்த்தார்கள். ஈர்ப்பு அந்த நியூட்ரான் அலையைக் கலைக்காமல், கணக்கிட்ட அளவுக்குச் சரியாக நகர்த்தியது. 2002-ல் பிரான்சின் கிரெனோபிளில், புவியீர்ப்பில் துள்ளும் நியூட்ரான்கள் படிப்படியான ஆற்றல் நிலைகளில்தான் இருக்கின்றன என்றும் கண்டார்கள். இதை வைத்து வெர்லிண்டேயை மறுத்தவர்களும் உண்டு, அந்த மறுப்புக்குப் பதில் சொன்னவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், என்ட்ரோபி ஈர்ப்பு என்று யார் வந்தாலும் இந்த நியூட்ரானுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். டேனியல் கார்னியும் சகாக்களும் 2025-ல் வெளியிட்ட மாதிரிகள் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். என்ட்ரோபியால் ஈர்ப்பு வந்தால் எவ்வளவு நடுக்கம் இருக்கும், அதைச் சோதனையில் எங்கே தேடலாம் என்பதை அவர்கள் வெளிப்படையாகக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள்.

வெர்லிண்டே 2016-ல் இன்னும் ஒரு படி போனார். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்று ஒன்று தேவையில்லை, பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் கருமை ஆற்றலோடு தொடர்புள்ள என்ட்ரோபிதான் விண்மீன் மண்டலங்களின் விளிம்பில் கூடுதல் ஈர்ப்பாகத் தெரிகிறது என்றார். இதற்குப் பின்னால் உண்மையான ஒரு புதிர் இருக்கிறது. மண்டலங்களின் சுழற்சி எதிர்பார்த்ததிலிருந்து விலகத் தொடங்குவது ஒரு குறிப்பிட்ட முடுக்கத்துக்குக் கீழே, சுமார் 1.2 × 10⁻¹⁰ மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர். இஸ்ரேலின் மோர்தெகாய் மில்க்ரம் 1983-ல் சுட்டிக்காட்டியது இது. ஒளியின் வேகத்தையும் பிரபஞ்சம் விரியும் வீதத்தையும் பெருக்கி ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட இதே எண் வருகிறது. தற்செயலாகவும் இருக்கலாம். 33,613 மண்டலங்களின் ஈர்ப்பு வில்லை விளைவை (ஈர்ப்பு ஒளியை வளைப்பதை) வைத்துச் சோதித்ததில் வெர்லிண்டேயின் கணிப்பு தேறவும் செய்தது. ஆனால் மண்டலக் கொத்துகளுக்குப் போனால் கதை மாறுகிறது. புல்லட் கொத்து என்று ஒன்று உண்டு, இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவியது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வாயு நடுவில் தங்கிவிட்டது, ஈர்ப்பின் மையங்களோ இரண்டு பக்கமும் விலகி நிற்கின்றன. 2006-ல் வெளியான இந்தப் படத்தைக் கரும்பொருள் இல்லாமல் விளக்குவது மிகக் கடினம். ஆதிகால நுண்ணலைப் பின்னணி ஒளியில் தெரியும் ஏற்ற இறக்கங்களும் அப்படித்தான். ஆகவே 2016 கோட்பாட்டை நான் ஏற்கவில்லை. அந்த முடுக்கத்தின் புதிரை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காலவெளியே குவாண்டம் பின்னலால், அதாவது விலகி நின்றாலும் துகள்களின் நிலைகளைப் பிணைத்து வைக்கும் உறவால், நெய்யப்பட்டது என்ற இன்னொரு கிளை உண்டு. ஒரு வெளியின் உள்ளே இருக்கும் ஈர்ப்புக்கும் அதன் எல்லையில் இருக்கும் ஈர்ப்பில்லாத குவாண்டம் கோட்பாட்டுக்கும் இடையே மால்டசேனா 1997-ல் கண்ட பொருத்தத்திலிருந்து தொடங்கி, 2006-ல் ரியூ, தகயனாகி இருவரும் பின்னலின் அளவை ஒரு பரப்பளவாக எழுதியது, 2010-ல் மார்க் வான் ராம்ஸ்டோங்க் பின்னலைக் குறைத்தால் வெளி கிழிந்து இரண்டாகும் என்று காட்டியது என்று வளர்ந்தது. மீண்டும் அதே பரப்பளவு வருவதைப் பாருங்கள். அழகான கணிதம், ஆனால் அது திட்டமாக நிற்பது நம் பிரபஞ்சத்துக்கு நேர்மாறான வளைவு கொண்ட ஒரு கற்பனை உலகத்தில். நம் உலகத்துக்கு அதை எப்படிக் கொண்டுவருவது என்பது திறந்தே கிடக்கிறது.

இப்போது 2023-க்கு வருவோம். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் ஜொனாதன் ஓப்பன்ஹைம் அந்த ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட கோட்பாட்டில், காலவெளி குவாண்டம் ஆவதில்லை, பழைய மாதிரியே இருக்கிறது. அப்படியானால் ஃபெய்ன்மனின் கேள்வி என்ன ஆகும்? எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்பதை அதன் ஈர்ப்பு காட்டிக் கொடுத்துவிடாதா? ஈர்ப்பில் அடிப்படையிலேயே ஒரு தற்செயல் நடுக்கம் இருந்தால் காட்டிக் கொடுக்காது என்பது அவர் விடை. அந்த நடுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப மிகத் துல்லியமாக நிறுத்தால் எடை கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுக்கம் குறைவாக இருந்தால் குவாண்டம் நிலை அவ்வளவு வேகமாகக் கலைய வேண்டும். இரண்டில் ஒன்றிலிருந்து தப்ப முடியாது. எடையின் துல்லியத்தை ஒரு பக்கமும், குவாண்டம் நிலையின் ஆயுளை மறுபக்கமும் நெருக்கிக்கொண்டே போனால் கோட்பாடு நசுங்கிவிடும், அல்லது வென்றுவிடும். கார்லோ ரொவெல்லியும் ஜெஃப் பெனிங்டனும் ஓப்பன்ஹைமுடன் இதில் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள், ஈர்ப்பு குவாண்டம்தான் என்ற பக்கத்தில். நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் தோற்பதற்கான வழியைத் தானே எழுதிக் கொடுத்திருக்கும் கோட்பாட்டுக்கு என் மதிப்பு அதிகம்.

இன்னும் நேரடியான சோதனை ஒன்றை 2017-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே முன்வைத்தன. ஒன்றில் சௌகதோ போஸ், அனுபம் மஜும்தார் முதலானோர், மற்றொன்றில் ஆக்ஸ்ஃபோர்டின் கியாரா மார்லெட்டோ, விளாட்கோ வெட்ரல். இரண்டு நுண்வைரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 10⁻¹⁴ கிலோ. ஒவ்வொன்றையும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் விழ விட வேண்டும். அவற்றுக்கிடையே ஈர்ப்பு மட்டுமே செயல்பட வேண்டும். இரண்டரை செகண்ட் கழித்துப் பார்த்தால் இரண்டும் குவாண்டம் பின்னலில் இருக்கின்றனவா? பழைய மாதிரியான எந்த இடைத்தரகரும் இரண்டு பொருள்களைப் பின்ன முடியாது என்பது வாதம். பின்னல் இருந்தால் ஈர்ப்பும் குவாண்டம். கிராவிட்டானைத் தனியாகப் பிடிக்காமலேயே விடை கிடைத்துவிடும்.

சொல்வது எளிது. 2019-ல் வியன்னாவில் இரண்டு இடத்தில் இருக்கவைத்த மூலக்கூறின் நிறை 25,000 அணு நிறை அலகுக்குச் சற்று மேல். இந்த வைரத்துக்கு வேண்டியது சுமார் 6 × 10¹². இடைவெளி கோடி மடங்குக் கணக்கில் இருக்கிறது. ஒரே ஒரு காற்று மூலக்கூறு வந்து மோதினாலும் நிலை கலைந்துவிடும். மறுமுனையிலிருந்தும் நெருங்குகிறார்கள், அதாவது எவ்வளவு சிறிய பொருளின் ஈர்ப்பை அளக்க முடியும் என்ற பக்கத்திலிருந்து. 2021-ல் அதே வியன்னாவில் சுமார் 90 மில்லிகிராம் தங்கக் குண்டு ஒன்றின் ஈர்ப்பை அளந்தார்கள், நாலு அரிசி எடைதான் இருக்கும். 2024-ல் சவுத்தாம்ப்டன், லைடன் ஆய்வாளர்கள் வெறும் 0.43 மில்லிகிராம் துகள்மேல் செயல்படும் ஈர்ப்பை அளந்தார்கள்.

பின்னல் கிடைத்தால் கேள்வி முடிந்துவிடுமா என்பதிலும் இப்போது சர்ச்சை. ஜோசப் அஜீஸ், ரிச்சர்ட் ஹவுல் இருவரும் 2025 அக்டோபரில் நேச்சர் இதழில், பொருளைக் குவாண்டம் புலமாக முழுமையாக எடுத்துக்கொண்டால் பழைய மாதிரி ஈர்ப்பாலும் மிகச் சிறிய அளவில் பின்னல் வரலாம் என்று எழுதினார்கள். அது ஈர்ப்பால் வந்த பின்னலே இல்லை என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு விளைவும் நிறையையும் தூரத்தையும் பொறுத்து வெவ்வேறு விதமாக மாறும் என்பதால், சோதனை நடக்கும் நாளில் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இந்த விவாதம் ஆரோக்கியமானது, சோதனைக்கு முன்பே அளவுகோலைச் சரி செய்துகொள்கிறார்கள்.

செய்தித்தாளில் "ஐன்ஸ்டீன் தவறு" என்று தலைப்பு வரும்போதெல்லாம் என்ன செய்வது? அந்தக் கோட்பாட்டில் ஈர்ப்பலையின் வேகம் என்ன என்று முதலில் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையும் காமாக் கதிரும் சுமார் 13 கோடி ஆண்டு பயணித்து 1.7 செகண்ட் இடைவெளியில் வந்து சேர்ந்தன. அந்த ஒரே நாளில் பல மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் விழுந்தன. அடுத்து, எல்லாப் பொருளும் ஒரே மாதிரி விழுகின்றனவா என்பது. மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் 2022-ல் இதை 10¹⁵-ல் ஒரு பங்கு அளவுக்கு உறுதி செய்தது. 2023-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் எதிர்ப்பொருளான ஆன்டிஹைட்ரஜனும் கீழ்நோக்கித்தான் விழுகிறது என்று கண்டார்கள். இந்தத் தடைகளைத் தாண்டும் கோட்பாடு என்றால் உட்கார்ந்து படிக்கலாம்.

உங்கள் படிப்புக்கு வருகிறேன். சார்பியலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். இந்த ஆண்டு வெப்ப இயக்கவியலைத் தேர்வுக்காக மட்டும் படித்துக் கடந்துவிடாதீர்கள். என்ட்ரோபியை எண்ணிக்கையாகப் பார்க்கும் புள்ளியியல் இயற்பியல் கை வந்தால் ஜேக்கப்சனின் அந்த நான்கு பக்கத்தில் பாதி உங்களுக்குப் புரியும். மீதிப் பாதிக்கு ராய்சௌதுரி சமன்பாடு வேண்டும், அது எம்.எஸ்ஸி.யில் வரும். கோட்பாட்டில் ஆர்வம் என்றால் தரமணி நிறுவனத்தின் கோடைகாலப் பயிற்சிக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். முன்னே சொன்ன அந்தத் திருத்தம் உங்களுக்குப் பேருந்து தூரத்தில் நடந்த வேலை. கையால் செய்வது பிடிக்கும் என்றால் லேசர், வெற்றிட நுட்பம், குறைவெப்ப நுட்பம் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வைரத்தை இரண்டரை செகண்ட் கலையாமல் விழவிடப் போகிறவர்களுக்கு இவை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.